கொடி எப்போது விழ வேண்டும்? பாஸ் இன்டர்ஃபியரன்ஸ் தீர்ப்புகளைச் சீராக்க என்எஃப்எல் முன் உள்ள வழிகள்

அமெரிக்கக் கால்பந்தின் முதன்மை லீகான என்எஃப்எல்லில் ஆட்டவிதி ஒன்றை மாற்ற வேண்டுமானால், 32 அணிகளில் குறைந்தது 24 அணிகளின் உரிமையாளர்கள் அதற்கு ஆதரவாக வாக்களிக்க வேண்டும். அந்தக் கடினமான வாயிலை 2019 மார்ச்சில் 31க்கு 1 என்ற வாக்கில் எளிதாகத் தாண்டிய ஒரு விதி, ஒரே பருவம் நடைமுறையில் இருந்துவிட்டு, மறு ஆண்டு புதுப்பிக்க ஆளில்லாமல் காலாவதியானது. எறியப்பட்ட பந்தைப் பிடிக்கவிடாமல் குறுக்கிடும் குற்றமான பாஸ் இன்டர்ஃபியரன்ஸ் பற்றிய தீர்ப்புகளை வீடியோ மறுபரிசீலனைக்கு உட்படுத்திய விதி அது. விதி போனாலும் குறை போகவில்லை. ஒரே மாதிரியான இரண்டு மோதல்களில் ஒன்றுக்குக் குற்றம் என்று காட்டும் நடுவரின் மஞ்சள் கொடி விழுவதும் மற்றொன்றுக்கு விழாமல் போவதும் இன்றுவரை ஒவ்வொரு பருவத்திலும் நடக்கிறது. இந்தத் தீர்ப்புகளைச் சீராக்க லீகின் முன் உள்ள வழிகள் எவை, அவற்றுள் எது உண்மையில் எந்தக் குறையைத் தீர்க்கும் என்பதை ஒப்பிட்டுப் பார்ப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

இந்த ஆட்டத்தை அவ்வப்போது மட்டும் பார்ப்பவர்களுக்காக விதியை முதலில் சொல்லிவிடலாம். தாக்குதலை நடத்தும் குவாட்டர்பேக் எறிந்த பந்து காற்றில் இருக்கும்போது, அதைப் பிடிக்க ஓடும் ரிசீவருக்கும் அவரைக் காக்கும் தடுப்பாட்டக்காரருக்கும் பந்தின்மேல் சம உரிமை உண்டு. பந்தைப் பார்க்காமல் ஆளை மோதுவது, கையைப் பிடித்து இழுப்பது, முதுகின்மேல் பாய்ந்து பந்தைத் தட்டுவது, மார்பின் குறுக்கே கையை நீட்டி மறிப்பது, ஓடும் பாதையை அடைப்பது ஆகியவை குற்றம். இருவரும் பந்தை நோக்கிச் செல்கையில் தற்செயலாகக் கால்கள் சிக்கிக்கொள்வதும், எவராலும் பிடிக்க முடியாத பந்து வருகையில் நேரும் உரசலும் குற்றமல்ல. தடுப்பணி இந்தக் குற்றத்தைச் செய்தால், குற்றம் நடந்த இடத்திலேயே பந்து வைக்கப்பட்டு எதிரணிக்கு ஃபர்ஸ்ட் டவுன், அதாவது 10 யார்டு முன்னேற நான்கு புதிய முயற்சிகள், கிடைக்கும். பந்தைக் கொண்டுசேர்த்துப் புள்ளி எடுக்கும் எண்டு ஸோனுக்குள் நடந்தால் பந்து 1 யார்டு கோட்டில் வைக்கப்படும். ரிசீவரே தடுப்பாட்டக்காரரைத் தள்ளிவிட்டால் அவரது அணி 10 யார்டு பின்வாங்க வேண்டும். ஆட்டத்தின் மற்றக் கடுமையான குற்றங்களுக்குக்கூட வழக்கமாக 15 யார்டுதான் தண்டனை என்றிருக்க, 50 யார்டு தூரம் எறியப்பட்ட பந்தில் இந்தக் கொடி விழுந்தால் 50 யார்டும் ஒரே நொடியில் கைமாறிவிடும். தீர்ப்பு நடுவரின் மதிப்பீட்டைச் சார்ந்தது, அதன் விலையோ ஆட்டத்திலேயே மிகப் பெரியது. தகராறு இவ்வளவு கடுமையாக எழுவதற்கு இந்த இரண்டும் சேர்ந்திருப்பதே காரணம்.

சீரின்மை என்று எல்லோரும் ஒரே சொல்லில் குறிப்பிடுவது உண்மையில் இருவேறு குறைகள். அவற்றைப் பிரித்துப் பார்க்காததனால்தான் 2019இன் முயற்சி தோற்றது என்பது என் கருத்து. இரண்டுக்கும் ஓர் எடுத்துக்காட்டைச் சற்று நெருக்கமாகப் பார்க்கலாம்.

முதலாவது, 2019 ஜனவரி 20 அன்று நியூ ஆர்லியன்ஸ் சூப்பர்டோமில் நடந்த, லீகின் இரு பிரிவுகளுள் ஒன்றான என்எஃப்சியின் இறுதியாட்டம். ஸ்கோர் 20-20. ஆட்டம் முடிய இரண்டு நிமிடத்துக்கும் குறைவான நேரமே இருந்தது. ராம்ஸ் அணியின் 13 யார்டு கோட்டில் செயின்ட்ஸ் அணிக்கு மூன்றாவது டவுன், அதாவது மூன்றாவது முயற்சி. இன்னும் 10 யார்டு தேவை. செயின்ட்ஸ் குவாட்டர்பேக் ட்ரூ பிரீஸ், எல்லைக்கோட்டை ஒட்டி ஓடிய டாமிலீ லூயிஸுக்குப் பந்தை எறிந்தார். ராம்ஸ் கார்னர்பேக் (ரிசீவர்களைத் தடுக்கும் ஆட்டக்காரர்) நிக்கல் ரோபி-கோல்மன் பந்தின் பக்கம் தலையைத் திருப்பவே இல்லை. பந்து வந்துசேர்வதற்கு முன்பே, ஹெல்மெட்டோடு ஹெல்மெட் படும்படி லூயிஸை மோதி வீழ்த்தினார். கொடி விழவில்லை. விழுந்திருந்தால் செயின்ட்ஸ் கடிகாரத்தின் பெரும்பகுதியை ஓடவிட்டு, கடைசி நொடிகளில் ஓர் எளிய ஃபீல்டு கோலால் (கம்பங்களுக்கிடையே பந்தை உதைத்து மூன்று புள்ளி எடுப்பது) ஆட்டத்தை முடித்திருக்க முடியும். மாறாக உடனே அடித்த ஃபீல்டு கோலில் 23-20 என முந்திய செயின்ட்ஸ், ராம்ஸுக்குப் போதிய நேரத்தை விட்டுவைக்க நேர்ந்தது. ராம்ஸ் சமன்செய்து, கூடுதல் நேரத்தில் கிரெக் ஸூர்லைன் அடித்த 57 யார்டு ஃபீல்டு கோலால் 26-23 என வென்று, லீகின் இறுதிப் போட்டியான சூப்பர் பவுலுக்குச் சென்றது. பந்து வருமுன் மோதிவிட்டதை ரோபி-கோல்மனே பின்னர் ஒப்புக்கொண்டார். அந்த ஹெல்மெட் மோதலுக்காக லீக் அவருக்கு 26,739 டாலர் அபராதம் விதித்தது. கொடி வீசப்பட்டிருக்க வேண்டிய தருணம் அது என்று ஆணையர் ராஜர் குடெல் சில நாள்களில் வெளிப்படையாகவே சொன்னார். இங்கே அளவுகோல் பற்றிய கருத்து வேறுபாட்டுக்கு இடமே இல்லை. எந்த அளவுகோலால் அளந்தாலும் அது குற்றம். பார்க்க வேண்டியவர்கள் பார்க்கத் தவறினார்கள், அவ்வளவுதான்.

இரண்டாவது, 2023 பிப்ரவரி 12 அன்று அரிசோனாவின் கிளெண்டேலில் நடந்த சூப்பர் பவுல். கன்சாஸ் சிட்டி சீஃப்ஸும் பிலடெல்பியா ஈகிள்ஸும் 35-35 என்ற சமநிலையில் இருக்க, ஆட்டம் முடிய இரண்டு நிமிடத்துக்குச் சற்றுக் குறைவாக இருந்தபோது, ஈகிள்ஸ் கார்னர்பேக் ஜேம்ஸ் பிராட்பெரி, ரிசீவர் ஜூஜூ ஸ்மித்-ஷூஸ்டரின் ஜெர்சியைப் பிடித்து இழுத்ததாகக் கொடி விழுந்தது. கண்டிப்பாகப் பார்த்தால் இது பாஸ் இன்டர்ஃபியரன்ஸ் அல்ல. அதன் நெருங்கிய உறவான டிஃபென்சிவ் ஹோல்டிங், அதாவது தடுப்பாட்டக்காரர் ரிசீவரைப் பிடித்து நிறுத்தும் குற்றம். யார்டுக் கணக்கில் தண்டனை 5தான் என்றாலும், தானாகவே கிடைத்த ஃபர்ஸ்ட் டவுன் சீஃப்ஸுக்குக் கடிகாரத்தைக் கையில் கொடுத்தது. எட்டு நொடிகள் எஞ்சியிருந்தபோது அடித்த ஃபீல்டு கோலில் அவர்கள் 38-35 என வென்றார்கள். பிராட்பெரி ஒளிவுமறைவின்றித் தான் ஜெர்சியை இழுத்ததாகவும், நடுவர்கள் விட்டுவிடுவார்கள் என்று நம்பியதாகவும் சொன்னார். அந்த நம்பிக்கைக்குக் காரணம் இருந்தது. அதுவரை ஆட்டம் தளர்வான அளவுகோலில் நடத்தப்பட்டு வந்தது என்பதே அன்று எழுந்த முறையீடு. தீர்ப்பு விதிப்படி சரி. ஆனால் முதல் கால்பகுதியில் கண்டுகொள்ளப்படாத பிடி கடைசி இரண்டு நிமிடத்தில் குற்றமாகிறது என்றால், விளையாடுபவர் எதை நம்பி விளையாடுவார்?

ஆக, கண்ணுக்குத் தெரியும் குற்றம் தவறவிடப்படுவது ஒரு குறை. அளவுகோலே இடம் மாறுவது மற்றொரு குறை. முன்னதைக் கூடுதல் கண்களால் தீர்க்கலாம். பின்னதற்குக் கண்கள் எத்தனை சேர்த்தாலும் பயனில்லை. ஒவ்வொரு கண்ணும் தனக்கென ஓர் அளவுகோலைக் கொண்டுவந்துவிடும். இந்த வேறுபாட்டை மனத்தில் வைத்துக்கொண்டே இனிச் சொல்லும் வழிகளை எடைபோட வேண்டும்.

இருப்பதை இருக்கிறபடி விடுவது முதல் வழி. இதற்குச் சொல்லப்படும் நியாயம் அற்பமானதல்ல. ஒவ்வொரு ஆட்டத்திலும் பல பத்து முறை பந்து எறியப்படுகிறது. அவற்றில் மிகச் சிலவே தகராறுக்குரியவை. நடுவர்களின் ஒவ்வொரு தீர்ப்பையும் லீக் வாரந்தோறும் மதிப்பிட்டு மதிப்பெண் இடுகிறது. பருவ முடிவில் நடக்கும் பிளே-ஆஃப் நாக்அவுட் ஆட்டங்களுக்கு அந்த மதிப்பெண்ணின்படியே ஆள்கள் தேர்ந்தெடுக்கப்படுகிறார்கள். எனினும் லூயிஸ் மீது நடந்தது போன்ற ஒன்றை நாடு முழுவதும் திரையில் பார்த்துக்கொண்டிருக்க, திடலில் இருப்பவர்களுக்கு மட்டும் அதைத் திருத்தும் வழி இல்லை என்ற நிலையை இனியும் நியாயப்படுத்த முடியாது. 2018இல் அமெரிக்க உச்ச நீதிமன்றத் தீர்ப்புக்குப் பிறகு மாநிலம் மாநிலமாக விளையாட்டுப் பந்தயம் சட்டபூர்வமாகியிருக்கும் காலத்தில், தீர்ப்புகளின் நம்பகத்தன்மையைப் பற்றிய ஐயம் முன்பைவிட வேகமாகப் பரவும். இந்த வழியை நான் தள்ளிவிடுகிறேன்.

பயிற்சியாளரின் சேலஞ்ச் இரண்டாவது வழி; 2019இல் சோதித்துப் பார்க்கப்பட்டது இதுதான். கொடி விழுந்ததையும் விழாததையும், தடுப்பணியின் குற்றத்தையும் ரிசீவரின் குற்றத்தையும் மறுபரிசீலிக்கலாம் என்றது விதி. பயிற்சியாளர் சிவப்புக் கொடியை வீசிக் கேட்கலாம். ஒவ்வொரு பாதியின் கடைசி இரண்டு நிமிடத்திலும், அரங்கில் வீடியோவைப் பார்க்கும் ரீப்ளே அதிகாரியே ஆட்டத்தை நிறுத்துவார். இறுதி முடிவு நியூயார்க் தலைமையகத்தில் எடுக்கப்படும். சின்சினாட்டி பெங்கால்ஸ் மட்டுமே எதிர்த்து வாக்களித்தது. அந்தப் பருவத்தில் சுமார் நூறு முறை இத்தகைய மறுபரிசீலனை நடந்தது. அவற்றில் கால்பங்குக்கும் குறைவானவற்றிலேயே தீர்ப்பு மாற்றப்பட்டது. எண்ணிக்கை குறைவு என்பது மட்டும் குறையல்ல, திடலில் எடுத்த தீர்ப்புகள் பெரும்பாலும் சரி என்றும் அதைப் படிக்கலாம். உண்மையான சிக்கல், மாற்றப்பட்டவற்றுக்கும் மாற்றப்படாதவற்றுக்கும் இடையே எந்தக் கோட்டையும் எவராலும் காண முடியவில்லை என்பதுதான்.

2019 நவம்பர் 17 அன்று பால்டிமோரில் நடந்ததைப் பாருங்கள். ஹூஸ்டன் டெக்ஸன்ஸின் டிஷான் வாட்சன், கோல் கோட்டை நோக்கி ஓடிய டிஆண்ட்ரே ஹாப்கின்ஸுக்கு நீளமாக எறிந்தார். பந்து வருமுன்பே ரேவன்ஸின் மார்லன் ஹம்ஃப்ரி அவரை இரு கைகளாலும் சுற்றிப் பிடித்துக்கொண்டிருந்தார். கொடி விழவில்லை. பயிற்சியாளர் பில் ஓபிரையன் சேலஞ்ச் செய்தார். மெதுவோட்டத்தில் பார்த்த பலரும் தீர்ப்பு மாறும் என்றே எதிர்பார்த்தார்கள். நியூயார்க் மாற்றவில்லை. ஆட்டத்துக்குப் பின் ஹாப்கின்ஸ், நியூயார்க்கில் முடிவெடுக்கும் ஆளையே மாற்ற வேண்டும் என்று பகிரங்கமாகச் சொன்னார். பருவத்தின் முடிவில், 2020 ஜனவரி 5 அன்று, அதே சூப்பர்டோமில், அதே செயின்ட்ஸ் அணிக்கு எதிராக, கூடுதல் நேரத்தில் மினசோட்டா வைக்கிங்ஸின் கைல் ருடால்ஃப், பி.ஜே. வில்லியம்ஸைக் கையால் தள்ளி இடைவெளி உண்டாக்கியதாகத் தோன்றிய ஒரு கேட்சில் ஆட்டம் 26-20 என முடிந்தது. அதுவும் பார்க்கப்பட்டு, அப்படியே விடப்பட்டது. எந்த அணியின் இழப்பு இந்த விதியைப் பிறப்பித்ததோ, அந்த அணியின் வெளியேற்றத்தோடு அது முடிவுக்கு வந்தது.

இது நியூயார்க்கில் இருந்தவர்களின் திறமைக் குறைவு என்று சொல்லிவிட்டுப் போவது எளிது; எனக்கு அது சரியாகப் படவில்லை. கிரிக்கெட்டில் எல்பிடபிள்யூ தீர்ப்பை மறுபரிசீலிக்கும்போது பந்து எங்கே பிட்ச் ஆனது, எந்தக் கோட்டில் காலில் பட்டது, ஸ்டம்பில் பட்டிருக்குமா என்று அளந்து சொல்ல முடிகிறது. அங்கேயே அம்பயரின் முடிவுக்கென்று ஓர் எல்லைப் பகுதியை விட்டுவைத்திருக்கிறார்கள். ஒரு கை இன்னொருவரின் தோளில் பட்டதனால் அவர் பந்தைப் பிடிக்கும் வாய்ப்பு எவ்வளவு குறைந்தது என்பதை அளக்க எந்தக் கருவியும் இல்லை. மெதுவோட்டம் நிலைமையை மேலும் கெடுக்கிறது. இயல்பான வேகத்தில் ஓர் உரசலாக முடிந்துபோவது, மெதுவாக ஓட்டும்போது நீண்ட பிடியாகத் தெரிகிறது. அப்படிப் பார்த்தால் பாதிப் பாஸ்களுக்குக் கொடி வீச வேண்டியிருக்கும் என்பதை உணர்ந்த தலைமையகம், தீர்ப்பை மாற்றுவதற்கான வரம்பைப் பருவத்தின் நடுவே உயர்த்திக்கொண்டே போனதாகத்தான் வெளியிலிருந்து பார்த்தவர்களுக்குத் தோன்றியது. தவறவிடுதலைத் தீர்க்க வந்த விதி, அளவுகோல் நகரும் குறையைத் தன்னுள்ளேயே வளர்த்துக்கொண்டது.

கனடாவின் கால்பந்து லீகான சிஎஃப்எல் இதே பாதையில் 2014இலேயே இறங்கியது. அங்கே வேறொரு விளைவு வெளிப்பட்டது. எதிரணி ஒரே முயற்சியில் பெரிதாக முன்னேறிவிட்டால், பயிற்சியாளர்கள் பந்துக்குத் தொடர்பில்லாத ஏதாவதொரு மூலையில் சிறு தொடுகை தென்படுமா என்று தேடி சேலஞ்ச் செய்யத் தொடங்கினார்கள். ஆட்டம் நின்று நின்று நடந்தது. 2017இல், பருவத்தின் நடுவிலேயே, ஓர் ஆட்டத்துக்கு ஒரே சேலஞ்ச் என்று ஆணையர் ராண்டி ஆம்ப்ரோசி குறைக்க வேண்டியதாயிற்று. சேலஞ்ச் என்ற கருவியை அணியின் கையில் கொடுத்தால் அது நீதிக்காக மட்டும் பயன்படாது, உத்திக்காகவும் பயன்படும் என்பதற்கு இந்தச் சான்று போதும். ஆகவே இந்த வழியை, எண்ணிக்கையைக் குறைத்தோ நேர வரம்பு வைத்தோ மீண்டும் கொண்டுவரும் யோசனைகளையும் சேர்த்து, நான் ஆதரிக்கவில்லை.

மூன்றாவது வழி, மேலேயுள்ள அறையில் எட்டாவது நடுவர் ஒருவரை அமர்த்துவது. ஸ்கை ஜட்ஜ் என்று பேச்சு வழக்கில் சொல்லப்படுபவர் இவர். 2019இல் தொடங்கி ஒரு பருவத்தைக்கூட முடிக்காமல் மூடப்பட்ட ஏஏஎஃப் லீக் இந்த ஏற்பாட்டைத் திடலில் காட்டியது. 2020இல் பால்டிமோர் ரேவன்ஸும் லாஸ் ஏஞ்சலஸ் சார்ஜர்ஸும் இதை என்எஃப்எல்லில் கொண்டுவர முன்மொழிந்தன, நிறைவேறவில்லை. அதற்குப் பதிலாக 2021 முதல் ரீப்ளே அதிகாரி, பந்து தரையைத் தொட்டதா, கால் எல்லைக்கோட்டை மிதித்ததா என்பன போன்ற, அளந்து சொல்லக்கூடிய சில விஷயங்களில் மட்டும் திடல் நடுவர்களுக்கு உடனே தகவல் சொல்லலாம் என்று அனுமதிக்கப்பட்டது. பாஸ் இன்டர்ஃபியரன்ஸ் அந்தப் பட்டியலில் இல்லை.

சேலஞ்சுக்கும் இதற்கும் உள்ள வேறுபாடு மேலோட்டமாகப் பார்த்தால் சிறியது, நடைமுறையில் பெரியது. சேலஞ்ச் வந்தால் ஆட்டம் நிற்கிறது, வேறொரு நகரத்தில் இருப்பவர் அதே காட்சியைப் பத்துக் கோணங்களில் ஓட்டிப் பார்க்கிறார், தீர்ப்பு ஒரு வழக்காகிவிடுகிறது. மேலறையில் இருப்பவரோ அந்த ஆட்டத்தின் நடுவர் குழுவில் ஒருவர். முதல் கால்பகுதியிலிருந்து அதே ஆட்டத்தைப் பார்த்துக்கொண்டிருக்கிறார். தன் சகாக்கள் இன்று எவ்வளவு விட்டுக்கொடுக்கிறார்கள், எங்கே கொடி வீசுகிறார்கள் என்பது அவருக்குத் தெரியும். லூயிஸ் மீதான மோதல் போன்ற ஒன்றை அணிகள் அடுத்த முயற்சியைத் தொடங்குமுன் ஒரே முறை இயல்பான வேகத்தில் பார்த்தாலே அவரால் ரேடியோவில் சொல்லிவிட முடியும். ஒருமுறை பார்த்து முடிவுசெய்ய முடியாதது எதுவோ, அது அவர் தலையிட வேண்டியதும் அல்ல. இந்த நேர வரம்பே அளவுகோலாக அமைந்துவிடுகிறது என்பதுதான் இதில் எனக்குப் பிடித்த அம்சம்.

எதிர்ப்பும் உண்டு. அனுபவமுள்ள நடுவர்கள் ஏற்கெனவே குறைவு. 17 குழுக்களுக்கும் கூடுதலாக ஒருவர் வேண்டுமென்றால் எங்கே போவது என்று கேட்கப்படுகிறது. வயது காரணமாக ஓட முடியாமல் திடலை விட்டவர்கள் இதற்குப் பொருத்தமானவர்கள் என்பதால் இந்தத் தடையை நான் பெரிதாக எண்ணவில்லை. அதைவிடக் கனமான எதிர்ப்பு ஒன்று உண்டு. மேலே ஒருவர் இருக்கிறார் என்ற தைரியத்தில் திடலில் இருப்பவர்கள் கொடி வீசத் தயங்கக்கூடும். 2015 ஜனவரி 4 அன்று டல்லாஸ் கௌபாய்ஸுக்கும் டெட்ராய்ட் லயன்ஸுக்கும் இடையே நடந்த பிளே-ஆஃபில், லயன்ஸ் 20-17 என முன்னிலையில் இருந்தபோது, பிராண்டன் பெட்டிகுரூ மீதான மோதலுக்குக் கொடி விழுந்து, தலைமை நடுவர் குற்றத்தை ஒலிபெருக்கியில் அறிவித்தும்விட்டார். பிறகு நடுவர்கள் கூடிப் பேசி, அரங்கத்துக்குக் காரணம் சொல்லாமலேயே கொடியை எடுத்துவிட்டார்கள். டல்லாஸ் 24-20 என வென்றது. பல கண்கள் ஒன்றையொன்று மறுக்கும்போது என்ன நேரும் என்பதற்கு அது பாடம். ஆகவே மேலறை நடுவருக்குக் கொடியை எடுக்கச் சொல்லும் அதிகாரம் வேண்டாம். விழாத கொடியை விழச் செய்யும் அதிகாரம் மட்டும், அதுவும் பந்தைப் பாராமல் பந்து வருமுன் ஆளை மோதியது, கையைப் பிடித்துக் கட்டியது போன்ற வெளிப்படையான குற்றங்களுக்கு மட்டும் போதும் என்பேன்.

நான்காவது வழி முற்றிலும் வேறு திசையிலிருந்து வருகிறது. தீர்ப்பைத் திருத்த முயலாமல், தீர்ப்பின் விலையைக் குறைப்பது. கல்லூரிக் கால்பந்தில் இந்தக் குற்றத்துக்குப் பெரும்பாலும் அதிகபட்சம் 15 யார்டும் ஃபர்ஸ்ட் டவுனும்தான் தண்டனை. குற்றம் 15 யார்டுக்குள் நடந்தால் மட்டும் அந்த இடத்தில் பந்து வைக்கப்படும். 40 யார்டுக்கு அப்பால் நேர்ந்த ஓர் ஐயத்துக்குரிய உரசலுக்கு என்எஃப்எல்லில் 40 யார்டு, கல்லூரியில் 15 யார்டு. நடுவர் தவறினாலும் ஆட்டம் ஒரேயடியாகக் கவிழ்ந்துவிடாது. விலை குறைந்தால் நடுவருக்கும் கை நடுங்காது. கடைசி நிமிடத்திலும் முதல் நிமிடத்தைப் போலவே கொடி வீசும் துணிவு வரலாம். அளவுகோல் நகர்வதற்கு ஒரு பெரிய காரணம் தண்டனையின் கனமே என்று நான் கருதுவதால், இந்த வழி இரண்டாவது குறையை வேரில் தொடுகிறது என்று சொல்வேன். மற்ற எந்த வழியும் அதைத் தொடவில்லை.

ஆனால் இதில் ஓர் ஓட்டை உண்டு, அது சிறிய ஓட்டையல்ல. தன்னைத் தாண்டி ரிசீவர் ஓடிவிட்டார், பந்து கைக்கு வந்தால் எண்டு ஸோனை எட்டி டச்டவுன் எடுப்பது உறுதி என்று தெரிந்த கார்னர்பேக், 15 யார்டுதானே என்று அவரைப் பிடித்துக் கீழே தள்ளிவிடுவார். அப்படிச் செய்வதே புத்திசாலித்தனம் என்று பயிற்சியாளர்களும் சொல்லிக்கொடுப்பார்கள். என்எஃப்எல் குவாட்டர்பேக்குகளின் துல்லியத்தை எண்ணிப் பார்த்தால், அங்கே இந்தத் தந்திரம் கல்லூரியைவிட அதிகம் லாபம் தரும். குற்றம் நடந்த இடத்திலேயே பந்தை வைக்கும் விதி நிலைத்திருப்பதற்கு இதுவே நியாயமான காரணம்.

அந்த ஓட்டையை அடைக்க இரண்டு படித் தண்டனை என்ற யோசனை இருக்கிறது. சாதாரண மீறலுக்கு 15 யார்டு. தெரிந்தே ஆளைப் பிடித்து வீழ்த்தினால் குற்றம் நடந்த இடம். நியூயார்க் ஜெட்ஸ் 2018இல் ஏறத்தாழ இப்படியொரு திருத்தத்தை முன்வைத்தது; ஏற்கப்படவில்லை. 2022இல் தொடங்கிய யுஎஸ்எஃப்எல் லீக் இவ்வகை விதியோடு ஆடிக் காட்டியது. மறுப்பவர்கள் சொல்வது, வேண்டுமென்றே செய்தாரா என்று நடுவரைக் கேட்பது மதிப்பீட்டுக்குமேல் இன்னொரு மதிப்பீட்டை ஏற்றுவதாகும் என்று. இதில் உண்மை இருக்கிறது. எனினும் மனத்தில் இருந்த நோக்கத்தை அல்ல, திடலில் நடந்த செயலை விதியில் எழுதினால் இந்தச் சிக்கல் பெரும்பாலும் நீங்கும். பந்தைப் பார்க்கத் திரும்பாமலேயே இரு கைகளாலும் சுற்றிப் பிடித்தாலோ, தரையில் வீழ்த்தினாலோ, பெரிய தண்டனை. பந்துக்காகப் போட்டியிடுகையில் நேர்ந்த மற்ற மீறல்களுக்குச் சிறிய தண்டனை. ஹம்ஃப்ரி ஹாப்கின்ஸைப் பிடித்ததும், ரோபி-கோல்மன் லூயிஸை வீழ்த்தியதும் முதல் வகை. ஒரு கை இடுப்பில் சற்று அழுத்தமாகப் பட்டது இரண்டாம் வகை. திடலின் ஆழத்தில் நிற்கும் ஃபீல்டு ஜட்ஜ், சைடு ஜட்ஜ், பேக் ஜட்ஜ் ஆகியோர் இவ்வளவைப் பிரித்தறிய முடியாதவர்கள் அல்லர்.

நடுவர்களைப் பற்றிய ஐந்தாவது யோசனை அடிக்கடி சொல்லப்படுகிறது: அவர்களை முழுநேர ஊழியர்களாக்குங்கள். அவர்களில் பெரும்பாலோர் வார நாள்களில் வேறு வேலை பார்ப்பவர்கள். முழுநேரம் ஆக்கினால் பயிற்சி கூடும், காட்சிகளைச் சேர்ந்து பார்த்து ஒரே அளவுகோலைப் பழகலாம் என்பது சரியே. ஆயினும் இதன் பலன் தெரியச் சில ஆண்டுகள் ஆகும், தவறவிடப்படும் ஒரு குற்றத்தை இது நேரடியாகத் திருத்தாது. இதைவிட உடனடியாகச் செய்யக்கூடியது, பிளே-ஆஃபில் குழுக்களைக் கலைக்காமல் இருப்பது. பருவம் முழுவதும் சேர்ந்து பணியாற்றிய எழுவரைப் பிரித்து, மதிப்பெண் அதிகம் பெற்றவர்களைக் கொண்டு புதுக் குழு அமைப்பதால், மிக முக்கியமான ஆட்டத்தில் ஒருவரையொருவர் பழகாத ஏழு அளவுகோல்கள் திடலில் நிற்கின்றன. தனித்திறமைக்குப் பரிசளிக்கும் இந்த வழக்கம், சீர்மைக்கு எதிராக வேலைசெய்கிறது.

லீக் சில ஆண்டுகளில் ஒரு விதியைக் கடுமையாக அமல்படுத்துமாறு நடுவர்களுக்குச் சிறப்பு அறிவுறுத்தல் தருவதும் உண்டு. 2004 ஜனவரியில் நியூ இங்கிலாந்து பேட்ரியட்ஸ் தடுப்பாட்டக்காரர்கள் இண்டியானாபொலிஸ் கோல்ட்ஸ் ரிசீவர்களைக் கைகளால் கட்டுப்படுத்தி, லீகின் மற்றொரு பிரிவான ஏஎஃப்சியின் பட்டத்தை வென்ற பிறகு, ஐந்து யார்டுக்கு அப்பால் ரிசீவரைத் தொடக் கூடாது என்ற பழைய விதி அடுத்த பருவத்தில் இறுக்கமாக அமல்செய்யப்பட்டது. அந்தப் பருவத்தில் கோல்ட்ஸ் குவாட்டர்பேக் பெய்ட்டன் மானிங் 49 டச்டவுன் பாஸ்கள் எறிந்தார். விதிநூலில் ஓர் எழுத்துகூட மாறாமல் ஆட்டத்தின் போக்கையே மாற்ற முடியும் என்பதற்கு இது சான்று. அதே சமயம், அளவுகோலை மேலிடமே ஆண்டுக்கு ஆண்டு நகர்த்துகிறது என்ற முறையீட்டுக்கும் இதுவே சான்று என்பதால், இதை நான் தீர்வாகக் கொள்ளவில்லை.

இவற்றையெல்லாம் எடைபோட்டால், 2019இல் நடந்ததைப் போல ஒரே கருவியால் இரு குறைகளையும் தீர்க்க முயலாமல், ஒவ்வொன்றுக்கும் உரியதை எடுத்துக்கொள்வதே சரி என்று எனக்குப் படுகிறது. தவறவிடப்படும் அப்பட்டமான குற்றத்துக்கு மேலறை நடுவர். இடம் மாறும் அளவுகோலுக்கு இரண்டு படித் தண்டனை. இரண்டில் ஒன்றை மட்டுமே நிறைவேற்ற முடியும் என்ற நிலை வந்தால் நான் மேலறை நடுவரைத்தான் தேர்வேன். 15 யார்டு விதியால் 2019 ஜனவரி 20 அன்று செயின்ட்ஸுக்கு எந்தப் பலனும் கிடைத்திருக்காது; கொடியே விழாத இடத்தில் தண்டனையின் அளவு பொருளற்றது. மேலும், ஆழமான பாஸ்களை நம்பி அணியைக் கட்டியிருக்கும் உரிமையாளர்கள் தண்டனைக் குறைப்பை எளிதில் ஏற்க மாட்டார்கள். ஒன்பது அணிகள் எதிர்த்தாலே முன்மொழிவு விழுந்துவிடும்.

இரண்டையும் பருவத்துக்கு முந்தைய பயிற்சி ஆட்டங்களில் ஒருமுறை ஓட்டிப் பார்த்த பிறகே வாக்கெடுப்புக்குக் கொண்டுவர வேண்டும். 2019இல் ஜனவரியில் எழுந்த கோபம் மார்ச்சில் விதியானது. அதன் வரையறையை ஜூனிலும் திருத்திக்கொண்டிருந்தார்கள். மேலறை நடுவர் தலையிட்ட ஒவ்வொரு காட்சியையும், தலையிடாமல் விட்ட முக்கியமான காட்சிகளையும், காரணத்தோடு வாரந்தோறும் அணிகளுக்கும் பொதுமக்களுக்கும் வெளியிடுவது அந்தச் சோதனையின் பகுதியாக இருக்க வேண்டும். ரிசீவரின் தள்ளலையும் அதே பட்டியலில் சேர்க்க வேண்டும். கொடியைச் சேர்க்கும் அதிகாரம் தடுப்பணிக்கு எதிராக மட்டும் பயன்பட்டால், ஏற்கெனவே தாக்குதல் அணிகளுக்குச் சாய்ந்திருக்கும் விதிநூல் இன்னும் சாய்ந்துவிடும். கார்னர்பேக்குகளின் அந்த முறையீட்டுக்கு லீகிடம் பதில் இருக்காது.